கிரகண நாளில் ஒரு மணி நேரம் கொடுங்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு சந்திர கிரகணத்தன்று நீங்கள் ஒளிபரப்பியதைப் பற்றி எழுதுகிறேன். எந்தச் சேனல் என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

அன்று நீங்கள் காட்டியதை உங்களுக்கே விவரிக்கத் தேவையில்லை. இடப்பக்கம் நிலா, வலப்பக்கம் ஜோதிடர், கீழே ஓடும் பட்டையில் பரிகார நட்சத்திரங்கள். வாசலில் பாத்திரத்தை விளக்கிக்கொண்டே கேட்பவர்களுக்காகக் குரலை ஏற்றி, "கர்ப்பிணிகளே உஷார்!" என்று மணிக்கு நாலு தடவை. என் கோரிக்கை மிகச் சின்னது. ஜோதிடரை அனுப்பிவிடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கிரகண நாளில் அவருக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை வானியல் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு வருந்திக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண், எட்டாவது மாதம். கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. உங்கள் ஜோதிடரோ, சந்திர கிரகணத்துக்கு மூன்று யாமம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்றார். யாமத்துக்கு மூன்று மணி நேரம். கிரகணம் பிடித்தது இரவு 9.57, விட்டது 1.26. பகல் ஒரு மணியிலிருந்து நடுநிசி தாண்டும்வரை, பன்னிரண்டரை மணி நேரம்! (கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் குழந்தைக்கும் இதில் விலக்கு உண்டு என்று சாஸ்திரம் பேசுகிறவர்களே சொல்வார்கள். அதைச் சொல்ல அவருக்கு நேரம் இல்லை, இடையில் விளம்பரம் வந்துவிட்டது.)

அவளை உள்ளறையில் போட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அசையாமல் மல்லாந்து படு என்றார்கள். எட்டு மாத வயிற்றோடு மல்லாந்து கிடந்தால் முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய் அழுந்தித் தலைசுற்றும். ஒருக்களித்துப் படும்மா என்று எந்த நர்சும் சொல்வார். மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டிருக்கிறாள். பதினோரு மணிக்கு மேல் கை நடுங்கி, நெற்றி வியர்த்து, பேச்சுக் குழறியபோது வீட்டார் முதலில் பார்த்தது கடிகாரத்தை. கடைசியில் கல்லூரியில் படிக்கும் கொழுந்தன்தான் சண்டை போட்டு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கரைத்தான். அதிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்ட பிறகுதான் குடிக்க விட்டார்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமியாரை நான் குறை சொல்லவும் மாட்டேன். மருமகளுக்குத் தலைவலி என்றாலே ஆட்டோ பிடிக்கிற மனுஷி அவர். "டிவியிலயே சொன்னாங்களே சார், படிச்சவங்கதானே அங்க உக்காந்திருக்காங்க" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளை உதடு பிளந்து பிறந்துவிடும் என்பதுதான் இந்தப் பயத்தின் வேர். கருவில் மேலுதடு கூடிச் சேர்வது ஏறக்குறைய நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் நடுவே. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று பல பெண்கள் யோசிக்கத் தொடங்கும் காலம் அது. எட்டாம் மாதத்தில் அந்த உதடு எப்போதோ முடிந்துபோன வேலை. இதை ஒரு மகப்பேறு மருத்துவர் உங்கள் திரையில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் அன்று எங்கள் தெருவுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. "வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்" என்று சந்திர கிரகணத்துக்கும் எச்சரித்தீர்கள். நிலா மறைவதை விடிய விடியப் பார்த்தாலும் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. சூரிய கிரகணம் அப்படியல்ல. தகுந்த வடிகட்டி இல்லாமல் பார்த்தால் விழித்திரை வலிக்காமலே வெந்துபோகும். எக்ஸ்ரே பிலிமோ கூலிங் கிளாஸோ காப்பாற்றாது. மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்த்துவிட்டு, 'டிவியில் சொன்னது சும்மா' என்று தெரிந்துகொண்ட பையன், சூரிய கிரகணத்தன்று அதே எச்சரிக்கையை எப்படி நம்புவான்?

உலக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தி, "கிரகணம் பிடித்திருப்பதற்கு இதுவே சாட்சி" என்று உங்கள் நிருபர் பரவசப்பட்டாரே, அது. மறுநாள் திங்கட்கிழமை காலை எங்கள் பள்ளி மாணவிகள் சத்துணவுக் கூடத்து உலக்கையைத் தூக்கி வந்து, பூண் போட்ட தட்டை முனை கீழே இருக்கும்படி வெறும் சிமெண்ட் தரையில் நிறுத்தினார்கள். நின்றது. கிரகணம் விட்டு எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த வீடியோவை உங்களில் ஒரு சேனலுக்கு அனுப்பினோம். பதில் இல்லை. சாட்சி பிறழ்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3 இறங்கியபோது நீங்கள்தானே கைதட்டினீர்கள்? விழுப்புரத்தில் அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் வீட்டு வாசலில் மைக்கோடு நின்றதும் நீங்கள்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அன்று உங்களால் சோறு தண்ணி இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. இரண்டே மாதம். அக்டோபர் 28 நள்ளிரவில் வந்த பகுதி கிரகணத்துக்கு அதே நிலாவைப் பாம்பின் வாயில் கொண்டுபோய் வைத்தீர்கள். 'மக்கள் கேட்பதைத்தான் தருகிறோம்' என்பீர்கள். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று (சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம்) கர்நாடகத்தில் கலபுர்கி பக்கம் மாற்றுத்திறன் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்தார்கள், உடல் சரியாகிவிடும் என்று. அந்தக் குழந்தைகள் கேட்டார்களா?

மரபை அவமதிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை (எண்களைச் சொற்களாக்கி வைத்த கணக்கு வரிகளை) கொண்டே அந்த ஆண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததை வாரன் என்ற ஐரோப்பியர் எழுதி வைத்திருக்கிறார். தொடங்கும் நேரத்தில் பிழை வெறும் நாலு நிமிடம். பெருமைப்பட வேண்டுமென்றால் அந்தச் சோழிக் கணக்கைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போடுங்கள், நானே ஊரெல்லாம் சொல்லிப் பார்க்க வைக்கிறேன். நீங்கள் கூப்பிட்டு உட்கார வைத்தவரோ கணக்கின் பக்கமே போகவில்லை. நேரத்தைக்கூட உங்கள் திரையில் ஓடியதைப் பார்த்துத்தான் வாசித்தார்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது அந்த ஒரு மணி நேரம். அதில் பேச விஷயம் கிடைக்காது என்ற கவலை வேண்டாம். அன்று 82 நிமிடம் நிலா முழுதாக மறைந்தும் கண்ணுக்குத் தெரிந்ததே, சிவப்பாகத் தெரிந்ததே, எப்படி? பூமியின் காற்று மண்டலத்தில் வளைந்து போன சூரிய ஒளி அது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்துத் தூசி மேலே போனதால், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா வழக்கத்தைவிட மிகவும் கறுத்துப்போனது. ராசிபலனைவிட இது சுவாரசியம் இல்லையா?

ஆட்களுக்கும் பஞ்சமில்லை. பெரியகுளத்தில் நின்று அண்ணாந்தால் தெரிகிற கொடைக்கானல் மலையில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறது. சென்னையில் கோட்டூர்புரத்துக் கோளரங்கம் உங்கள் ஸ்டுடியோக்களிலிருந்து ஆட்டோ தூரம். மாவட்டந்தோறும் அறிவியல் இயக்கத்துக்காரர்கள் தொலைநோக்கியோடு நிற்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். பட்டு அங்கவஸ்திரம் மட்டும் இருக்காது.

2027 ஆகஸ்ட் 2 மாலை தமிழ்நாட்டில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். 2031 மே 21 கங்கண கிரகணத்தின் பாதை தேனி, மதுரை, காரைக்குடி வழியாகவே போகிறது. 2027 கிரகணத்துக்கு ஒரு வாரம் முன்பே கண் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்குங்கள். அன்றைய நிகழ்ச்சியில் ஒரு வானியலாளரையும் ஒரு மகப்பேறு மருத்துவரையும் உட்கார வையுங்கள். 'கர்ப்பிணிகளே, வழக்கம்போல் சாப்பிடுங்கள், மாத்திரையையும் ஊசியையும் விடாதீர்கள்' என்று அதே பட்டையில், அதே பெரிய எழுத்தில் ஓடவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை எப்போது ஒதுக்குவீர்கள் என்று ஒரு வரி பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தேனி மாவட்டம்.