தடுமாறவும் ஓர் இடம் வேண்டும்

மொரிசியஸ் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர்-ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, உறுப்பினர்களான பெற்றோர்களே,

வணக்கம். ஆண்டுத் தொடக்கத்தில் உங்கள் சங்கங்கள் கூடி, கையிலிருக்கும் பணத்தில் வகுப்பறைக்கு மின்விசிறி வாங்குவதா, சுவருக்கு வண்ணம் பூசுவதா, ஆண்டிறுதிப் பரிசளிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது, எந்தக் கடற்கரைக்குச் சுற்றுலா போவது என்றெல்லாம் முடிவு செய்கிறீர்கள். தமிழ் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் அந்தப் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். பிள்ளைகள் தமக்குப் பழகிப்போன, தமக்கு நன்றாக வருகிற காரியங்களின் எல்லையைத் தாண்டி, சரியாக வருமா வராதா என்று முன்கூட்டியே தெரியாத ஒன்றைச் செய்து பார்க்கும் வாய்ப்பை ஆண்டுக்குச் சில முறையாவது நம் பள்ளிகள் திட்டமிட்டுத் தர வேண்டும். அந்த வாய்ப்புகளுக்கு மதிப்பெண்ணும் கூடாது, வரிசையும் கூடாது.

நம் பிள்ளைகள் செல்லமாக வளர்ந்து கெட்டுப்போனார்கள் என்று குறை சொல்லும் மடல் அல்ல இது. வீட்டில் கிரியோல் பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் ஆறு வயதுப் பிள்ளை, ஆங்கிலத்தில் அச்சிட்ட கணக்குப் புத்தகத்தைத் திறந்து, ஆசிரியர் கிரியோலில் சொல்லும் விளக்கத்தைக் கேட்டு, அடுத்த மணியில் பிரெஞ்சுக்கும் அதற்கடுத்த மணியில் தமிழுக்கும் மாறுகிறது. வேறு பல நாடுகளில் பெரியவர்களே திணறக்கூடிய வேலை இது. கடினமானதைச் செய்ய நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர்கள் செய்யும் கடினமான காரியங்கள் எல்லாமே யாரோ விடையை முன்கூட்டியே வைத்திருக்கும் காரியங்கள். பிழை என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு விழும் என்பதைத் தவிர, பிழையைப் பற்றி அவர்களுக்கு நாம் வேறெதையும் சொல்லித் தரவில்லை.

இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பதினோரு வயதில் எழுதும் ஒரே தேர்வு, பிள்ளை எந்தக் கல்லூரியில், அதாவது இடைநிலைப் பள்ளியில், சேரும் என்பதையும், அதன் வழியாகக் குடும்பத்தின் மானத்தையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடும் காலத்தில்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். அந்த சி.பி.இ. தேர்வு 2016-ஆம் ஆண்டோடு விடைபெற்றது. 2017-இல் ஒன்பதாண்டு அடிப்படைக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, இந்த வயதுப் பிள்ளைகளின் முதுகிலிருந்து போட்டிச் சுமையை இறக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. தேர்வின் பெயர் மாறி பி.எஸ்.ஏ.சி. ஆயிற்றே தவிர, பள்ளி விட்டதும் லெசொனுக்கு, அதாவது தனிப்பயிற்சி வகுப்புக்கு, ஓடும் பழக்கம் மாறவில்லை. அமைச்சு மாற்றக்கூடியது பாடத்திட்டத்தை. வீட்டுப் பழக்கத்தை மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. இம்மடல் அமைச்சுக்கு அல்லாமல் உங்களுக்கு வருவதும் அதனால்தான்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ்க் குறிப்பேடுகளை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் ஏட்டில்தான் தாள் அதிகம் கிழிந்திருக்கும். 'ற'கரமா 'ர'கரமா என்ற ஐயம் வந்தால் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகாமல், அழித்து எழுதி, மீண்டும் அழித்து, தாளில் ஓட்டை விழும்வரை தேய்த்துவிட்டு, கடைசியில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த எளிய சொல் ஒன்றைப் போட்டுக்கொள்கிறது அந்தப் பிள்ளை. வாக்கியத்தில் பிழை இல்லை, முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. புதிய சொல் ஒன்று மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது.

கோவில் மண்டபம் ஒன்றில் நடந்த திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி அன்புடைமை அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஓரிடத்திலும் பிசகாமல் ஒப்புவித்தாள். கைதட்டல் அடங்கியதும் நடுவர் ஒருவர் ஆசையோடு, "இதில் உனக்குப் பிடித்த குறள் எதும்மா?" என்று கேட்டார். சிறுமியின் கண்கள் உடனே மேடையோரத்தில் நின்ற தாயைத் தேடின. தமிழ் புரியவில்லையோ என்று எண்ணி நடுவர் அதே கேள்வியைக் கிரியோலில் கேட்டார். அப்போதும் பதில் இல்லை. உதடு நடுங்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கேள்விக்குத் தவறான விடை என்று ஒன்று கிடையாது. பத்தில் எதைச் சொல்லியிருந்தாலும் சரிதான். ஆனால் ஒத்திகை பார்க்காத ஒரு வாக்கியத்தை நாலு பேர் முன்னிலையில் சொல்ல அவளுக்கு அதுவரை வாய்ப்பே கிடைத்ததில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவளுக்கே முதற்பரிசு கிடைத்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, மனனம் செய்வதும் ஒரு திறமைதான். நம் போட்டிகளில் அந்த ஒரு திறமைக்கு மட்டுமே இடம் இருக்கிறது என்பதே என் வருத்தம்.

பிள்ளையைப் பழகாத ஒன்றுக்குள் அழைத்துச் செல்வது எப்படி என்பதை நாம் புதிதாக எங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று காவடி எடுக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். பத்து வயதுப் பையன் பால்குடத்தையோ சிறு காவடியையோ சுமந்துகொண்டு, தை மாத வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து கோவிலுக்குப் போகிறான். பள்ளியில் மலையேற்றம் என்று சொன்னதும் 'பிள்ளைக்கு முடியாது' என்று கடிதம் அனுப்பும் அதே பெற்றோர்தான் அவனுக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை; யோசித்துப் பார்த்தால் எனக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் காவடியை நாம் அவ்வளவு நன்றாக ஏற்பாடு செய்கிறோம். கொடியேறிய நாளிலிருந்து பத்து நாள் விரதம் இருந்து, உடலும் மனமும் அதற்குத் தயாராகின்றன. கால் சுடாமலிருக்க ஒருவர் முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறார். களைத்தால் தாங்கிப் பிடிக்க மாமனோ சித்தப்பாவோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், ஆனால் காவடியை அவர் வாங்கிக்கொள்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் முதலில் கோவிலை அடைந்தார்கள் என்று அங்கே யாரும் கணக்கு வைப்பதில்லை. விரும்பி நேர்ந்துகொண்டவர் எடுக்கிறார், இந்த ஆண்டு வேண்டாம் என்று நினைப்பவர் கூட நடந்து வருகிறார். அவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

முன்கூட்டிய தயாரிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், பிள்ளையின் சொந்த விருப்பம், வரிசைப்படுத்தாத பார்வை ஆகிய இவற்றைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள் என்பதே நான் கேட்பது. 1934-இல் தம் 37-ஆம் வயதில் காலமான ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி, பிள்ளை தானாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்த ஒருவர் துணை நின்றால் செய்யக்கூடியதற்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் கற்றல் நிகழ்கிறது என்றார். ஆசிரியர் பயிற்சியில் அதைப் படித்தபோது நான் கண்டது காவடி வீதியைத்தான்.

துணை இல்லாமல் தள்ளிவிடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. தைரியம் வரவேண்டும் என்று கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை இழுத்துவந்து மேடையில் நிறுத்துவது, நீச்சல் தெரியாத பிள்ளையைத் தண்ணீரில் தூக்கிப் போடுவது, அழுதால் மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கேலி செய்வது எல்லாம் நம்மிடையே இருக்கிற பழக்கங்கள்தான். அவற்றால் பயந்த பிள்ளை இன்னும் பயப்படும். எல்லை என்பதும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். மைதானத்தில் யாருக்கும் அஞ்சாத பையனுக்குத் தன் கவிதையை உரக்க வாசிப்பது பெரிய காரியமாக இருக்கலாம். வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியாததை மற்றவர்கள் பார்ப்பது அதைவிடப் பெரிய காரியமாக இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே சவாலை வைத்தால் சிலருக்கு அது விளையாட்டாகவும் சிலருக்குத் தண்டனையாகவும் முடியும்.

உங்கள் சங்கங்கள் செய்யக்கூடியவற்றில் முதலாவது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஃபேன்சி ஃபேர். இப்போது கடைகளைப் பெற்றோர் நடத்துகிறோம், பிள்ளைகள் வாங்கித் தின்கிறார்கள். ஆறாம் வகுப்பிடம் இரண்டு கடைகளை முழுவதுமாக ஒப்படைத்துப் பாருங்கள். காத்தோ பிமான் என்னும் மிளகாய் வடை எத்தனை வாங்குவது, என்ன விலைக்கு விற்பது, மழை வந்து கூட்டம் குறைந்தால் மிச்சத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் அவர்களே பேசி முடிவு செய்யட்டும். சங்கம் ஒரு சிறு தொகையை முதலாகக் கொடுத்து, அது திரும்பி வராமலும் போகலாம் என்று முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். நஷ்டம் வந்தால் பெரியவர்கள் தங்கள் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டக் கூடாது என்பதே இதில் முக்கியம். நஷ்டக் கணக்கைப் பிள்ளைகளே சங்கக் கூட்டத்தில் வந்து வாசிக்கட்டும். நீங்கள் கேள்வி கேளுங்கள், அவர்கள் தடுமாறிப் பதில் சொல்லட்டும். எனக்குத் தெரிந்து, கணக்குப் பாடத்தையும் பேச்சுப் பயிற்சியையும் ஒரே நாளில் இவ்வளவு மலிவாகக் கற்பிக்க வேறு வழியில்லை.

இரண்டாவது சுற்றுலா. மாணவர்களுக்குப் பேருந்துப் பயணம் 2005 முதல் இலவசமாக இருந்தும், வீட்டு வாசலில் ஏறிப் பள்ளி வாசலில் இறங்கும் வேனிலேயே ஆறு வருடத்தையும் கழிக்கும் பிள்ளைகள் ஏராளம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்து, ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயியின் ஆப்ரவாசி காட் வரை அவர்களே வழி விசாரித்துப் போகட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் ஒரு பெரியவர் பத்தடி தள்ளி நடந்து வரட்டும், கேட்டாலொழிய வாய் திறவாமல். தவறான பேருந்தில் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வரலாம், அரை நாள் போகும், அவ்வளவுதான். 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறைமுகம் அது. அங்கே மிஞ்சியிருக்கும் கற்படிகளைத் தாமாக வழி கேட்டு வந்தடைந்த பிள்ளை பார்ப்பதற்கும், ஏசி கோச்சிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளை பார்ப்பதற்கும் வேறுபாடு இருக்கும் என்று நம்புகிறேன்.

லெ பூஸ் மலையையும் யோசியுங்கள். 812 மீட்டர் உயரமுள்ள இந்த மலைமீது, 1836-இல் பீகிள் கப்பலில் வந்த சார்ல்ஸ் டார்வின் ஏறிப் பார்த்தார். கரும்புத் தோட்டத்தின் ஊடே தொடங்கும் பாதையில், கடைசியில் வரும் பாறைப் பகுதியை விட்டுவிட்டு, அதற்குக் கீழேயுள்ள சமதளம் வரை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறலாம். அறிவியல் பாடத்தில் இலை வகைகளைப் படம் பார்த்துப் படிப்பவர்களுக்கு அதில் வேறு பயனும் உண்டு.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பீர்கள்; கேட்க வேண்டியதுதான். 2013 மார்ச் 30-ஆம் தேதி போர்ட் லூயியில் திடீர் வெள்ளம் பதினொரு உயிர்களைக் கொண்டுபோனதை நாம் யாரும் மறக்கவில்லை. எனவே வெளிப்பயணங்கள் மே முதல் அக்டோபர் வரையிலான குளிர்ந்த மாதங்களில் மட்டும் நடக்கட்டும். முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும், பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையும் வரக்கூடாது. விபத்து நேர்ந்தால் பழி யார்மேல் என்ற அச்சத்தில் தலைமையாசிரியர்கள் தயங்குவதும் நியாயமே. சங்கம் முன்னின்று, துணைக்கு வரும் பெற்றோரின் பட்டியலோடு போய்க் கேட்டால் அந்தத் தயக்கம் பாதி குறையும்.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று இளைஞர் அமைச்சின் கீழ் தேசிய இளைஞர் சாதனை விருதுத் திட்டம் இருக்கிறதே, அதில் சேர்ந்து மலையும் ஏறட்டும், சேவையும் செய்யட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல திட்டம்தான். ஆனால் தாளில் ஓட்டை விழுமளவுக்கு அழிக்கிற பழக்கம் பத்து வயதிலேயே வந்துவிடுகிறது. பதினான்கு வயதில் இத்தகைய திட்டத்துக்குத் தானாகப் பெயர் கொடுப்பவர், பெரும்பாலும், ஏற்கெனவே தைரியமுள்ள பிள்ளையாகத்தான் இருப்பார்.

ஒப்புவித்தல் போட்டிகளை நடத்தும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். போட்டியின் முடிவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒத்திகை இல்லாத ஒரு கேள்வியைத் தமிழில் கேளுங்கள். பாதி தமிழும் பாதி கிரியோலுமாகப் பதில் வந்தாலும் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். அப்படி ஒரு கேள்வி வரும் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி, ஃபேன்சி ஃபேர் கடைகளைப் பற்றி மட்டுமாவது ஒரு முடிவெடுக்குமாறு வேண்டுகிறேன். அந்தக் கூட்டத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை அழைத்து, எந்தக் கடை வேண்டும் என்று அவர்களையே கேட்பது நல்லது. என் வகுப்பில் சும்மா கேட்டுப் பார்த்தேன். தால் பூரிக் கடைக்கு இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.

இங்ஙனம்,
தொடக்கப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்