ஆமை புகுந்த வீட்டிலிருந்து

டூசான், அரிசோனா
ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாரா, இல்லை வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்கிறாரா?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று, நாங்கள் ஆமை வளர்ப்பதைச் சொன்னதும் போனில் ஆரம்பித்தாய். அங்கேயே பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். முதலில், அது வீட்டுக்குள் புகவே இல்லை. வருஷம் முழுக்கப் பின்பக்கத் தோட்டத்தில்தான். உடனே நீ, "ஐயோ, வாயில்லா ஜீவனை வெயிலில் விட்டிருக்கிறாயே" என்பாய். உன்னிடம் இரண்டு பக்கமும் தப்ப முடியாது.

வெயில் நம் விருதுநகர் கத்திரியைத் தூக்கிச் சாப்பிடும்தான். ஜூனில் 40 டிகிரி சர்வ சாதாரணம். ஜனவரி ராத்திரிகளில் சில நாள் தண்ணீர் உறையும். ஆனால் இது சொனோரா பாலைவன ஆமை, இந்த ஊர்க்காரன். நாம்தான் வந்தேறிகள். அதற்கு ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம், ஒரு நல்ல வளை போதும்.

வளையை உன் மாப்பிள்ளைதான் கட்டினார். தரையைத் தோண்டி, இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக் வைத்து, மேலே கனமான பிளைவுட், அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட், அதற்கும் மேலே ஒரு அடிக்கு மண். விஷயமே அந்த மண்ணில்தான் இருக்கிறது. வெளியே கல் சுடும்போதும் உள்ளே தாத்தா வீட்டு மண்சுவர் அறை மாதிரி இருக்கும். வாசல் கிழக்கு. வாஸ்துவுக்காக இல்லை அம்மா, சாயங்கால வெயில் உள்ளே விழக்கூடாது என்பதற்காக. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க வாசலில் மண்ணை மேடாக்கியிருக்கிறோம். விடிந்ததும் வெளியே வந்து மேயும், வெயில் ஏறுவதற்குள் தானே உள்ளே போய்விடும். நாம் எதையும் கவனிக்கத் தேவையில்லை. மல்லாந்து கிடக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். வெயிலில் அப்படிக் கிடந்தால் உயிர் போய்விடும்.

இங்கே மழைக்காலம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. போன வாரம் மழை கொட்டியது. அது வெளியே வந்து, பாதையில் தேங்கிய தண்ணீரில் கழுத்தை நீட்டி, மூக்கு முங்க உறிஞ்சிக்கொண்டே இருந்தது. குடித்ததை மூத்திரப்பையில் சேர்த்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் கிடைக்காத மாசங்களுக்கு அதுதான் கைமுதல். அதனால்தான் தூக்கிக் கொஞ்சக் கூடாது. பயந்து பீச்சிவிட்டால் சேமிப்பெல்லாம் போச்சு. மற்ற நாளில் மண் தட்டு ஒன்றைத் தரைமட்டத்துக்குப் புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம்.

சாப்பாடு புல்லும் செம்பருத்திப் பூவும். இப்போது சப்பாத்திக்கள்ளிப் பழம் பழுத்திருக்கிறது. அதைத் தின்றுவிட்டு, வெற்றிலை போட்ட பெரியத்தை போல வாயெல்லாம் சிவக்க நிற்கிறது.

குளிரைப் பற்றிக் கேட்டாயே. அக்டோபரில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வளைக்குள் போனால் மார்ச் வரை தூக்கம்தான். பாவம் என்று வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால்தான் ஆபத்து. கதகதப்பில் தூக்கமும் வராது, சாப்பாடும் இறங்காது, உடம்பில் இருப்பது கரைந்துபோகும். இப்படி வளர்ப்பது எல்லா ஆமைக்கும் சரிவராது. பக்கத்து வீட்டில் இருப்பது ஆப்பிரிக்க ஆமை, சுல்காட்டா என்பார்கள். அது குளிர்காலத்தில் தூங்காது. அதற்கு ராத்திரியில் சூடேற்றும் பெட்டி வைத்திருக்கிறார்கள். கரண்டு பில்லைப் பற்றிப் புலம்பாத நாள் இல்லை.

இதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. காட்டில் பிடிப்பது இங்கே குற்றம். யாரோ வளர்த்துக் கைவிட்டதை, இங்குள்ள பாலைவன அருங்காட்சியகம் வழியாகத் தத்து எடுத்தோம். வளர்த்ததைத் திரும்பக் காட்டில் விடவும் கூடாது, அங்கே இருப்பவற்றுக்கு நோய் தொற்றிவிடும்.

தம்பி மகன் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம் பிடிக்கிறானாமே. யாராவது நட்சத்திர ஆமையை ரகசியமாக விற்க வந்தால் வாங்கிவிடப் போகிறார்கள், தம்பியிடம் சொல்லி வை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. ஆமைக்குப் பின்னாலேயே வனத்துறை புகுந்து உன் பழமொழி பலித்துவிடும்.

அப்புறம், நீங்கள் வருவதைப் பற்றி. தீபாவளி முடிந்து வந்தால் அது தூங்கிக்கொண்டிருக்கும், அப்பா மண்மேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்துக்கு டிக்கெட் போடட்டுமா? வெயில் முற்றுவதற்குள், மே நடுவில் திரும்பிவிடலாம். அப்பாவிடம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

உன் அன்பு மகள்,
செல்வி