பூசணி விதை வறுத்த கதை

பாளையங்கோட்டை

அன்புத் தோழிக்கு,

நலமா? முட்டுவலி குறைந்ததா, படி ஏற முடிகிறதா? இங்கே பொங்கல் நன்றாக நடந்தது. பேத்தி இந்த வருஷம்தான் முதன்முதலாகச் சிறுவீட்டுப் பொங்கல் விட்டாள். மார்கழி முழுக்க வாசலில் பூசணிப்பூ செருகி வைத்த சாண உருண்டைகளைத் தட்டிக் காயவைத்திருந்தோம், அதைத் தாமிரபரணியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு அதே பேச்சுதான்.

சரி, போனில் கேட்டாயே, மருமகள் பாக்கெட்டில் வாங்கிவருகிற பச்சை நிறப் பூசணி விதையை நாமே வீட்டில் வறுக்க முடியாதா என்று. அந்தப் பச்சை, தோடு இல்லாத வெறும் பருப்பு. நம் சர்க்கரைப் பூசணி விதைக்கு வெள்ளைத் தோடு உண்டு, உடைத்தால் உள்ளே அதே பச்சைதான். நான் தோட்டோடுதான் வறுக்கிறேன், மொறுமொறுப்பு ஏறிவிட்டால் அப்படியே மென்றுவிடலாம்.

பொங்கலுக்கு வாங்கிய காயில் ஒரு உழக்குக்குக் கொஞ்சம் குறைவாக விதை கிடைத்தது. இத்தனை வருஷம் இதைக் குடலோடு வழித்துக் குப்பையில் போட்டிருக்கிறோமே என்று நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. நாரை எடுக்க, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கையால் அலசு, விதை மேலே மிதக்கும், அள்ளிவிடலாம். அப்புறம் இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிடு. இதை மட்டும் விடாதே, உப்பு தோட்டைத் தாண்டி உள்ளே இறங்குவது இதில்தான், மேலே தூவுகிற உப்பு கையோடு உதிர்ந்துவிடும். வடித்துச் சுளவில் துணி விரித்து வெயிலில் போடு. பேப்பரில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். நம்மூர் வெயிலுக்கு ஒரு பகல் போதும், உனக்குச் சென்னையில் இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, ஈரத்தோடு வறுத்தால் விதை சவசவ என்று ஆகிவிடும்.

முதல் தடவை நான் மிளகாய் வத்தல் பொடியை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டேன். வீடு முழுக்கக் கமறல், அவருக்கு இருமல் அடங்க அரைமணி நேரம் ஆனது, விதையும் கருகிக் கசந்தது. இப்போது சீனிச்சட்டியில் வெறும் விதையை மட்டும் போட்டு, தீயைக் குறைத்து, கால்மணி நேரம் கிண்டிக்கொண்டே இருக்கிறேன். முதலில் ஒன்றிரண்டு டப் என்று வெடிக்கும், பிறகு தட்டையாக இருந்த விதை உப்பி, ஓரம் லேசாகச் சிவக்கும். ஒன்றை எடுத்து ஆறவைத்துக் கடித்துப் பார், சத்தத்தோடு உடைந்தால் அடுப்பை அணைத்துவிடு. பக்கத்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் தட்டிய பூண்டு நாலு பல், கருவேப்பிலை இரண்டையும் முறுக விட்டு, இறக்கி வைத்து, அரை ஸ்பூன் வத்தல் பொடி, கொஞ்சம் நல்லமிளகுப் பொடி, காயம் சேர்த்து, அந்த எண்ணெயை விதைமேல் ஊற்றிப் பிரட்டு. சட்டியின் சூடே போதும்.

உரித்த பருப்பு 100 கிராமில் புரதம் மட்டும் சுமார் 30 கிராம் இருக்கிறது, மக்னீசியம், துத்தநாகம் வேறு. அதற்காக அள்ளி அள்ளித் தின்னாதே, தோடு நார்ச்சத்து, வயிறு பொருமும், காப்பியோடு ஒரு கைப்பிடி போதும். அவர் இப்போது சாயங்காலம் சிப்ஸ் கேட்பதே இல்லை, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஏட்டி, ஆச்சி வீட்டுப் புறவாசல் கொடி ஞாபகம் இருக்கிறதா? கோலத்துக்கு ஆண்பூவாகப் பார்த்துப் பறிக்கச் சொல்வாளே, பெண்பூவைத் தொட்டால் கையில் ஒரு அடி விழும். விதையைச் சாம்பலில் பிசறித்தான் எடுத்துவைப்பாள், தின்னக் கேட்டால் தரமாட்டாள்.

பெரியவன் சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறான். ஒரு டப்பா கொடுத்துவிடுகிறேன், நன்றாக ஆறவிட்டுத்தான் அடைத்திருக்கிறேன். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், வேகவைக்காமல் சாம்பலில் பிசறிய ஆறு விதை. அதை வறுத்துவிடாதே, மாடியில் பெரிய தொட்டியாகப் பார்த்து ஊன்று.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி