ஒன்றிய அரசின் கடன் எவ்வளவு? ஒரே பக்கத்தில் சொல்லுங்கள்

ஒன்றிய நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒன்றிய அரசின் கடனை 2031 மார்ச் 31-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 50 விழுக்காட்டுக்கு, ஒரு புள்ளி முன்பின்னாக, கொண்டுவரப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தீர்கள். ஆண்டுதோறும் வரவுக்கு மேல் ஆகும் செலவான பற்றாக்குறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வழக்கத்தை மாற்றியது நல்ல முடிவு. அந்தக் கடன் எவ்வளவு என்று ரூபாயில் சரிபார்க்க முயல்பவரின் பாடுதான் தீரவில்லை.

எது கடன் என்பதை, அரசின் பற்றாக்குறைக்கும் கடனுக்கும் வரம்பு வைக்கும் நிதிப் பொறுப்புச் சட்டத்தின் 2018 திருத்தமே வரையறுத்துவிட்டது. தொகுப்பு நிதியின் (அரசின் முதன்மைக் கணக்கு) மீதுள்ள நிலுவை, பொதுக் கணக்கின் (பிறர் பணத்தை அரசு வைத்திருக்கும் கணக்கு) பொறுப்புகள், அதாவது திருப்பித் தர வேண்டிய தொகைகள், அரசு நிறுவனங்கள் வாங்கிப் பட்ஜெட்டிலிருந்து அடைக்கப்படும் கடன்கள் ஆகியவற்றைக் கூட்டி, ரொக்க இருப்பைக் கழிக்க வேண்டும். வெளிநாட்டுக் கடனை நடப்பு மாற்று விகிதத்தில் மதிப்பிட வேண்டும். ஆனால் பட்ஜெட் ஆவணங்களில் ஒன்றான வரவு பட்ஜெட்டின் பொறுப்புப் பட்டியலில் வெளிநாட்டுக் கடன் வாங்கிய நாளின் விகிதத்திலேயே நிற்கிறது. டாலர் 45 ரூபாயாக இருந்தபோது வாங்கிய 1 கோடி டாலர், புத்தகத்தில் இன்றும் 45 கோடி ரூபாய். டாலர் 85 ஆகும்போது அடைத்தால் 85 கோடி வேண்டும். சட்டம் ஒரு விகிதம் சொல்ல, பட்டியல் வேறு விகிதத்தில் இருந்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வது?

இதைவிடச் சிக்கலானது, ரேஷனுக்குத் தானியம் வாங்கும் அரசு நிறுவனமான இந்திய உணவுக் கழகத்தின் கணக்கு. உணவு மானியமாகப் பட்ஜெட்டில் தந்திருக்க வேண்டிய பணம் 2016-17 முதல், அஞ்சலகச் சேமிப்புகள் சேரும் தேசிய சிறுசேமிப்பு நிதியத்திலிருந்து கழகத்துக்குக் கடனாகப் போனது. பற்றாக்குறையில் அது தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் அதைப் பட்ஜெட்டுக்குள் கொண்டுவந்தீர்கள். அந்த நேர்மைக்கு நன்றி. அப்போது 2020-21-இன் உணவு மானிய மதிப்பீடு சுமார் 1.15 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 4.22 லட்சம் கோடியாக ஏறியது. அதில் பழைய கடனை அடைத்தது எவ்வளவு, கொரோனா காலத்து இலவச தானியத்துக்குப் போனது எவ்வளவு என்பதை அந்த ஒற்றைத் தொகை சொல்வதில்லை. வேறு தொகுதிகளைப் புரட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு இடறலும் உண்டு. அஞ்சலகத்தில் சேமித்தவருக்குத் தர வேண்டியது ஏற்கெனவே அரசின் பொறுப்பு. அந்தப் பணத்தையே கடனாகப் பெற்ற நிறுவனத்தின் நிலுவையையும் சேர்த்தால், ஒரே ரூபாய் இருமுறை கூடும். சேர்க்காமல் விட்டால் மறைத்ததாகத் தோன்றும். எங்கே கழித்தீர்கள் என்பது கணக்கிலேயே தெரிய வேண்டும்.

கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி பார்க்கிறது, வெளிநாட்டுக் கடன் கணக்கு வேறு அலுவலகத்தில், சிறுசேமிப்பு தனிக் கணக்கில். உள்நாட்டு, வெளிநாட்டுக் கடன்களையாவது ஒரே குடையின்கீழ்க் கொண்டுவர 2015 பட்ஜெட்டில் முன்மொழிந்த தனி முகமை அதே ஆண்டில் கைவிடப்பட்டது. 2024-25 முடிவில் 40 விழுக்காடு என்று சட்டம் வைத்த இலக்கும் எட்டப்படாமலே கடந்துபோனது. இலக்கு தவறியதை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். எவ்வளவு தவறியது என்று கணக்குப் போடவே விடாத ஆவணங்களை ஏன் பொறுக்க வேண்டும்?

கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்கிறோம். எங்களுக்கு வேண்டியது ஒரு பக்க அட்டவணைதான். பொறுப்புப் பட்டியலின் மொத்தத்தில் தொடங்கி, மாற்று விகிதத் திருத்தம், நிறுவனக் கடன், இருமுறை வந்ததற்கான கழிவு, ரொக்க இருப்பு என ஒவ்வொரு படியையும் ரூபாயில் காட்டி, சட்டம் சொல்லும் கடனில் முடியட்டும். எந்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பால் வகுத்தீர்கள் என்பதும் அடியில் இருக்கட்டும். அந்த மதிப்பு திருத்தப்பட்டால் ஒரு ரூபாய்கூட அடைக்காமலே விழுக்காடு மாறிவிடும். அரசுக் கடன் பற்றிய காலாண்டு அறிக்கையிலும் இதே அட்டவணை, விரிதாள் கோப்பாகவும், வர வேண்டும்.

அடுத்த பட்ஜெட் ஆவணங்களிலேயே இந்த ஒரு பக்கத்தைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அரசின் கடன் கணக்குகளைத் தொடர்ந்து படிப்பவர்கள்