அளவு நாடா பிடித்தவர்களுக்கும் குப்பை பிரித்தவர்களுக்கும் நன்றி

ஊர்ப் பெரியோர்களுக்கும் உடன் நின்ற அனைவருக்கும் வணக்கம்.

போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று உறுதிமொழி வாசித்தவர்களுக்கும் ஊர்வலம் வந்தவர்களுக்கும் மேடையிலேயே பொன்னாடை போர்த்தியாயிற்று. இந்த மடல் மேடைப்பக்கம் வராதவர்களுக்கு.

முதல் நன்றி தூய்மைக் காவலர்களுக்கு. ஊரில் எங்கே என்ன புழங்குகிறது என்பது காவல் நிலையத்துக்கு முன்பே குப்பை வண்டிக்குத் தெரிந்துவிடும். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரிக்கிற கையோடு கூல் லிப் (உதட்டில் அடக்கும் புகையிலை) டப்பா, குட்கா உறை, காலி மாத்திரை அட்டை, போதைக்காக முகரும் பஞ்சர் சொல்யூஷன் டியூப், ஊசி இவை எந்தத் தெருவில், எந்தக் கிழமை கிடந்தன என்று குறித்துத் தந்தார்கள். யார் போட்டது என்று கேட்கவே கூடாது. கேட்டால் ஊர்ப்பகை நமக்கெதற்கு என்று மறுவாரமே குறிப்பு நின்றுபோகும். சில வாரக் குறிப்புகளை ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தாலே இடம் துலங்கிவிடுகிறது: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் பின்பக்கம், பூட்டிக் கிடக்கும் கழிப்பறைக் கட்டடம், கண்மாய்க் கரை. கிடக்கும் ஊசிக்கு மூடி போடப் போகும்போதுதான் விரலில் குத்துகிறது. இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த செவிலியருக்கும் நன்றி.

அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் தெருவிளக்கு வேலை நடந்தது. மின்பணியாளர் சொன்ன வரிசை முக்கியம்: முதலில் புதர், பிறகு விளக்கு. சீமைக்கருவேலம் மறைத்து நிற்கும்போது விளக்கு போட்டால் மரத்தின் தலைதான் வெளிச்சமாகும், அடியில் அதே இருட்டு. அரிவாளால் வெட்டினால் அடுத்த மழைக்கே தூரிலிருந்து தழைத்துவிடும் என்பதால் ஜேசிபி வைத்து வேரோடு எடுக்க வேண்டியிருந்தது. கல்லெறிக்குத் தப்ப விளக்குக்குக் கம்பிக்கூடும் தேவை. இத்தனையும் செய்துவிட்டு இடத்தைச் சும்மா விட்டால் நல்ல வெளிச்சத்தில் சீட்டாட்டம்தான் நடக்கும். அங்கே கைப்பந்துக் கம்பம் நட்டு, சாயங்காலம் தவறாமல் ஆட வருகிற இளைஞர்கள்தான் அந்த வேலையை முழுமையாக்கினார்கள்.

அடுத்தது, பள்ளியைச் சுற்றி 100 கெஜம். சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003-இன் 6-ஆம் பிரிவு 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது 91.44 மீட்டருக்குள், விற்பதையும் தடுக்கிறது. தகராறு வருவது அளப்பதில். பள்ளியின் முன்வாசலிலிருந்து சாலை வழியே நாடா பிடித்தால் பின்சுவரை ஒட்டியுள்ள பெட்டிக்கடை சுலபமாகத் தப்பிவிடும். விதியோ, சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் அளக்கச் சொல்கிறது. நில அளவர் புலப்படத்தில் அந்த எல்லையை வரைந்து கொடுத்த பிறகு பேச்சுக்கே இடமில்லை. சாலையில் மஞ்சள் கோடு போட்டவர்களுக்கும், 60-க்கு 30 சென்டிமீட்டர் அறிவிப்புப் பலகையை வாங்கி வைத்ததோடு நில்லாமல் சுவரொட்டி ஒட்டும்போதெல்லாம் கழுவிச் சுத்தம் செய்யும் தலைமையாசிரியருக்கும் நன்றி.

இந்தப் பிரிவுக்கு அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்தான். கட்டிவிட்டு அதே நாளில் கடை திறப்பதில் ஆச்சரியமில்லை. ஆகவே உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். குட்கா, பான் மசாலா போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை. முதல் முறை பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் 15 நாள் கடையடைப்பும், இரண்டாம் முறை 50,000 ரூபாயும் 30 நாளும், மூன்றாம் முறை 1 லட்சமும் 90 நாளும் என்று அவர் கடை கடையாகப் போய் விளக்கினார். சிறுவருக்குப் புகையிலையோ மதுவோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு என்பது பல கடைக்காரர்களுக்கு அதுவரை தெரியாது.

விற்பனையை நிறுத்திய கடைக்காரர்களை ஊர் போதுமான அளவு பாராட்டவில்லை என்பது எங்கள் எண்ணம். ஒருவர் நிறுத்தி அடுத்தவர் விற்றால், நிறுத்தியவரின் டீ வியாபாரமும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் எல்லாக் கடைகளும் ஒரே நாளில் நிறுத்துவதென்று முடிவானது. சைக்கிள் கடைக்காரர்கள் பிள்ளைகள் கையில் சொல்யூஷன் டியூப் தராமல் தாங்களே பஞ்சர் ஒட்டிக் கொடுக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரையும் வலி மாத்திரையும் தருவதில்லை. அல்பிரசோலம், நைட்ரசெபாம் போன்ற, கூடுதல் கட்டுப்பாடுள்ள ‘எச்1’ பட்டியல் மருந்துகளுக்கு மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அவர் எழுதுகிறார்.

ஊராட்சிச் செயலருக்கு நன்றி, கிராம சபைத் தீர்மானத்தை எழுதிய விதத்துக்காக. ‘போதையற்ற ஊராக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். எந்தப் புல எண்ணில் புதர் அகற்றுவது, எந்தக் கம்பத்தில் விளக்கு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதியதால் அடுத்த சபையில் கேள்வி கேட்க முடிந்தது. டாஸ்மாக் கடையை இடம் மாற்றுவது ஊராட்சியின் கையில் இல்லை. கோரிக்கை ஆட்சியருக்குப் போயிருக்கிறது, அவ்வளவே.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. தினமும் குடிப்பவரைப் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைப்பது வீட்டில் சர்வசாதாரணம், ஆனால் ஆபத்து. முதல் நாளில் கைநடுக்கம், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, 2 முதல் 4 நாளுக்குள் பிதற்றலும் இல்லாத உருவம் தெரிவதும் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். மருத்துவமனையில் செய்ய வேண்டியதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்ன கிராம சுகாதார செவிலியருக்கும், படுக்கை இல்லை என்று ஒருவரையும் திருப்பி அனுப்பாத பணியாளர்களுக்கும் நன்றி.

தகவல் தந்தவர் பெயரை இதுவரை வெளியே விடாத காவலர்களுக்கு நன்றி. அந்த நம்பிக்கை இருக்கிறவரைதான் தகவல் வரும். விற்பனை பற்றிச் சொல்ல 10581, விடுபட உதவி கேட்க 14446, இரண்டுக்கும் கட்டணமில்லை. இரண்டாவது எண்ணை ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதித் தந்த ஓவியர் கூலி வாங்க மறுத்துவிட்டார். பெயின்ட் காசாவது வந்து வாங்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
ஊராட்சி போதைத் தடுப்புக் குழுவினர்