அந்த 31,000 டாலரைத் தொடாதே, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் ரெண்டு பேருக்குமே குரல் ஏறிவிட்டது. நான் சொல்ல வந்தது பாதியில் நின்றது, நீ கேட்க வந்ததும் அப்படியே. அதனால்தான் கடிதம். சனிக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப்பள்ளிக்கு காரில் கொண்டுபோய் விட்டதற்கு ஒரு பலன் வேண்டாமா? மெதுவாகவே படி.

அமெரிக்க மத்திய அரசு வேலையை விடப்போகிறேன் என்கிறாய், விடாதே என்று நான் சொல்லவில்லை. உன் தாத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மெண்ட் உத்தியோகம் என்ற தலைமுறை. தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒருமுறை வேட்டியை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போவார், தான் உயிரோடு இருப்பதைக் காட்ட. அந்த பென்ஷனுக்கு அவர் சம்பளத்திலிருந்து ஒரு பைசா பிடிக்கவில்லை. உன் பென்ஷன் வேறு ஜாதி. 2014க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.4 சதவீதம் பிடிக்கிறார்கள். நான் 1993இல் சேர்ந்தேன். எனக்குக் கடைசி வரை 0.8தான். ஃபெர்ஸ் என்ற ஒரே மத்திய அரசு ஊழியர் ஓய்வூதியத் திட்டம், ஒரே மேஜை வேலை, நீ என்னைப்போல் ஐந்தரை மடங்கு கட்டுகிறாய். இது அநியாயம் என்று நீ சொன்னபோது நான் பேச்சை மாற்றினேன். அநியாயம்தான்.

ஆனால் அந்தக் கோபத்தில், “நான் கட்டிய 31,000 டாலரைத் திருப்பி வாங்கி வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறேன்” என்றாயே, அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. வேலையை விட்டதும் ஒரு படிவம் நிரப்பினால் பணம் வந்துவிடும், உண்மைதான். வருவது நீ கட்டியது மட்டும், கொஞ்சம் வட்டியோடு. அரசு உனக்காகக் கட்டிய பங்கு அதைவிடப் பெரிது, அதில் ஒரு டாலர்கூட உன் கைக்கு வராது. வாங்கிய நிமிடம் உன் 9 வருடம் 7 மாதமும் பென்ஷன் கணக்கிலிருந்து அழிந்துவிடும். மறுபடி அரசு வேலைக்கு வந்தால் வட்டியோடு திருப்பிக் கட்டி மீட்கலாம். வராவிட்டால் அவ்வளவுதான்.

தொடாமல் விட்டால் என்ன? ஐந்து வருட சர்வீஸ் தாண்டிவிட்டாய், உரிமை உறுதியாகிவிட்டது. கடைசி மூன்று வருட சராசரிச் சம்பளம் 90,000 என்று வை. வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு சதவீதம் என்றால் 62 வயதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 8,600, ஆயுள் முழுக்க. கட்டியது நான்கு வருடத்துக்குள் திரும்பிவிடும். ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். விட்டுப்போன நாளிலிருந்து 62 வரை அந்த 90,000 அப்படியே உறைந்து கிடக்கும், விலைவாசிக்குத் தக்க ஏறாது. 31,000ஐ நல்ல முதலீட்டில் போட்டு 26 வருடம் தொடாமல் இருந்தால் கணக்கு நெருங்கி வரும் என்று வாதாடுவாய். ஒத்துக்கொள்கிறேன், நானும் புள்ளிவிவரக்காரன்தான். ஆனால் நீ கேட்பது முதலீட்டுக்கு இல்லை, சமையலறையில் தீவு மேடை உள்ள வீட்டுக்கு.

ஜூன் மாதம் உனக்குப் பத்து வருடம் முடிகிறது. இன்னும் ஐந்து மாதம். அந்தக் கோட்டைத் தாண்டினால் 62 வரை காத்திராமல் 57லேயே பென்ஷனைத் தொடங்கலாம், ஆனால் வயது குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 5 சதவீதம் வெட்டு, 57இல் எடுத்தால் கால் பங்கு போய்விடும். அதனால் அது பெரிய லாபம் இல்லை. இன்னொன்றுதான் முக்கியம், எழுதக் கை வரவில்லை, எழுதியாக வேண்டும். பத்து வருடம் முடித்துவிட்டு வெளியே போன ஒருவர் பென்ஷன் தொடங்கும் முன்பே இறந்தால், கணவனுக்கோ மனைவிக்கோ மாதாமாதம் பென்ஷன் உண்டு. பத்துக்குக் கீழே என்றால் கட்டிய பணம் மட்டும் திரும்பும். மாப்பிள்ளையிடம் இதைச் சொல். அம்மாவிடம் சொல்லாதே, திருஷ்டி கழிக்க உப்பு மிளகாயோடு டென்வருக்கு ஃப்ளைட் ஏறிவிடுவாள்.

அடுத்து, உன் மேலதிகாரி “நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் ரெக்கார்டில் கறை இருக்காது” என்றாரே, அது. நல்லெண்ணத்தில் சொன்னாரோ என்னவோ. நீயாக எழுதிக் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் அது உன் விருப்பம். வற்புறுத்தினார்கள் என்று பிறகு நிரூபிப்பது மலையைப் புரட்டுகிற வேலை. அவர்களாக உன்னை நீக்க வேண்டுமென்றால் 30 நாள் முன்னதாகக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும், பதில் சொல்லக் குறைந்தது 7 நாள், கூட ஒரு வக்கீலையோ யூனியன்காரரையோ வைத்துக்கொள்ளலாம், அதன்பிறகும் 30 நாளுக்குள் அப்பீல். 1978 சட்டம் இது. 2025 ஜனவரியிலிருந்து சில பதவிகளைத் தனி ஷெட்யூலுக்கு மாற்றும் வேலை நடக்கிறது, அதற்குள் போனால் இந்தப் பாதுகாப்பு கரைந்துவிடும். உன் பொசிஷன் அதில் இருக்கிறதா என்று எழுத்தில் கேள்.

ஆட்குறைப்பு வந்தால் அது வேறு கதை. வழக்கமாக 60 நாள் நோட்டீஸ், கூடவே செவரன்ஸ் என்ற பணிநீக்க ஈட்டுத்தொகை. முதல் பத்து வருடத்துக்கு வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம், அதற்குமேல் இரண்டு வாரம், மொத்தம் 52 வாரத்துக்கு மேல் போகாது. உனக்கு ஏறக்குறைய ஒன்பதரை வாரம். பயந்துபோய் நோட்டீஸ் வரும் முன்னால் ராஜினாமா எழுதியவர்களுக்கு இது கிடையாது. 2025 ஜனவரி 28ஆம் தேதி எல்லாருக்கும் ஒரே மெயில் வந்ததே, செப்டம்பர் வரை சம்பளம், இப்போதே விலகு என்று, அன்று நீ பதில் போடாமல் இருந்தது எனக்குப் பெருமை. ஐம்பது தாண்டி இருபது வருடம் போட்டவர்களுக்கு அது முன்கூட்டிய ஓய்வோடு சேர்ந்து வந்ததில் சிலருக்கு நியாயமான பேரம்தான். முப்பத்தைந்து வயதுக்காரிக்கு இல்லை.

என் முட்டாள்தனம் ஒன்றும் கேட்டுக்கொள். டி.எஸ்.பி., நம் ஊர் பி.எஃப். மாதிரி. நீ 5 சதவீதம் போட்டால் அரசும் 5 போடும். உன் அத்தை கல்யாணக் கடன் இருந்த வருடங்களில் நான் 2தான் போட்டேன். மீதி அரசுப் பணத்தை எட்டு வருடம் நானே வேண்டாமென்று தள்ளியிருக்கிறேன், அதற்கு வேறு பெயர் இல்லை. நீ வெளியே போனாலும் அது அங்கேயே கிடக்கட்டும், எடுத்தால் வரியோடு 10 சதவீத அபராதம்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் விலகிய பிறகு 31 நாள் ஓடும். அதற்கப்புறம் 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் பங்கையும் நீயே கட்டி, மேலே 2 சதவீதமும் தர வேண்டும். மாப்பிள்ளை ஆபீஸ் திட்டத்தில் உன்னையும் குழந்தையையும் சேர்க்க என்ன செலவு என்று முதலில் பார். எடுக்காத ஆண்டு விடுப்புக்குக் காசு வரும். மெடிக்கல் லீவுக்கு வராது, ஆனால் திரும்பி வந்தால் அத்தனை மணி நேரமும் கணக்கில் ஏறிவிடும். மூன்று வருடம் முடித்து ‘கேரியர்’, அதாவது நிரந்தர ஊழியர் ஆனவள் நீ, பொதுப் போட்டி இல்லாமலே மறுபடி விண்ணப்பிக்கும் தகுதி உனக்கு ஆயுளுக்கும் உண்டு.

கடைசியாக ஒரு வேலை. நியமனம், சம்பள மாற்றம் எல்லாம் பதிவாகும் உன் எஸ்.எஃப்.50 காகிதங்கள் எல்லாவற்றையும் இன்றே இறக்கி வீட்டில் ஒரு பிரதி வை. ஆபீஸ் கம்ப்யூட்டர் அனுமதி போன பிறகு அதற்காக அலைய முடியாது. பென்சில்வேனியாவில் பாயர்ஸ் என்ற ஊரில், பூமிக்குக் கீழே 230 அடியில், ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில்தான் அரசு ஊழியர்களின் ஓய்வுக் கோப்புகளை அடுக்கிவைத்துக் கையாலேயே பார்த்து வந்தார்கள். என் கோப்பும் அங்கே போய்த்தான் வந்தது. தாத்தா கருவூலத்துக்கு நடந்தார், என் காகிதம் குகைக்குள் நடந்தது.

ஜூன் வரை தாங்க முடியாத அளவு அங்கே நிலைமை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல். அப்போது வேறு கணக்குப் போடலாம். அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள், வியாழக்கிழமை வந்து சேரும்.

அன்புடன்,
அப்பா