சனிக்கிழமை நாயகன்

அன்பு மகள் கயல்விழிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். மூன்று வாரமாக நீ அம்மாவிடம் மட்டும் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "அப்பா தூங்கியிருப்பார், எழுப்பாதே" என்று வைத்துவிடுகிறாயாம். ஒன்பது மணிச் செய்தி முடியாமல் நான் என்றைக்கம்மா தூங்கியிருக்கிறேன்? போகட்டும், வேலை அதிகமாக இருக்கும்.

சென்ற வாரம் 1951-இல் வெளிவந்த 'சாட்டர்டேஸ் ஹீரோ' என்ற கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்தேன். உன் பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே அடைபட்டுப்போகும் என்று முன்பு எழுதியிருந்தாயே, முட்டை வடிவப் பந்தில் ஆடும் அந்த அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிய படம் என்பதால்தான் உட்கார்ந்தேன். நியூஜெர்சியில் ஓர் ஆலை ஊரில் வளர்ந்த, போலந்து வம்சாவளிக் குடும்பத்துப் பையன் ஸ்டீவ் நோவக், பந்தாட்டத் திறமைக்காகக் கிடைத்த உதவித்தொகையை நம்பித் தெற்கே ஜாக்சன் என்ற பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து ஓடிய உன் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் என்னைப் படிக்க அனுப்பியதும் இதே கனவில்தான். ஆனால் ஜாக்சனில் மக்கேப் என்ற பணக்காரப் பழைய மாணவருக்கு வேண்டியது பையனின் படிப்பு அல்ல, அவன் உடம்பு. காயம் பட்டு அந்த உடம்பு உதவாமல் போகும்போதுதான் தன் விலை என்ன என்பது அவனுக்கே தெரிகிறது. நடிகை டோனா ரீடின் காதல் காட்சிகள் வரும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் மெக்ராத் என்ற பேராசிரியர். அத்தனை பேர் நடுவில் அந்தப் பையனை மாணவனாகப் பார்ப்பவர் அவர்தான்.

இதெல்லாம் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. படம் வந்த அதே 1951-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேர்வில் மோசடி செய்ததற்காக ஏறத்தாழ 90 பேர் வெளியேற நேர்ந்தது. அவர்களில் பந்தாட்டக்காரர்கள் கணிசம். வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஆட்டக்காரர்களின் மதிப்பெண் ஆவணங்களைத் திருத்தியது வெளிப்பட்டு, பயிற்சியாளர்கள் பதவி விலகினார்கள், கல்லூரித் தலைவரும் விலகினார். 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து வெளிப்படையாகவே சம்பாதிக்கலாம் என்று விதி மாறியிருக்கிறதாம். நல்லதுதான், ஆனால் மதிப்பெண் போடுகிறவரின் மேசைக்கு அந்த விதி வந்து சேர்ந்திருக்குமா என்பதுதான் என் யோசனை.

ஆட்டக்காரர்களின் விடைத்தாள்கள் உன்னிடம் தனிக் கட்டாக வருகின்றன என்று போன மாதம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, உடனே குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் முழுக்கப் படித்துவிட்டுப் போடு. உன் பேராசிரியர் வாய்மொழியாகச் சொல்வதை மின்னஞ்சலில் எழுதித் தரும்படி கேள். சேலத்து மாமா விஷயத்தில் நாம் பட்டது போதும். நீ அங்கே வகுப்பெடுக்கும் படத்தை அம்மா கீரைக்காரம்மாவிடம்கூடக் காட்டியாகிவிட்டது. அதற்காகவாவது, படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கமாட்டாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். 1994-இல் எங்கள் கல்லூரியில் வாலிபால் ஆடும் பையன் ஒருவனுக்கு வருகை, வேண்டிய 75 சதவீதத்துக்கும் வெகு கீழே இருந்தது. உடற்கல்வி இயக்குநர் என் அறைக்கு வந்து, பல்கலைக்கழகப் போட்டி நெருங்குகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்று இரவு, உன்னைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே, பதிவேட்டில் நான் சிவப்பு மையில் போட்டிருந்த விடுப்புக் குறிகளை பிளேடால் சுரண்டினேன். இருபத்து மூன்று நாள். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து விளக்கொளி ஊடுருவித் தெரிந்தது. இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. கோப்பை வந்தது, படம் எடுத்தபோது நானும் மேடையில் நின்றேன். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைத்தான் நீ சிறுவயதில் எல்லோருக்கும் காட்டுவாய். அடுத்த ஆண்டு அவன் முழங்கால் போயிற்று. அதன்பின் அவன் வகுப்புக்கு ஒழுங்காக வந்தான், கடைசி வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரியும். நான் ஒருநாள்கூட அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு பாடம் நிலுவையோடு போய்விட்டான். திருத்தியது வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவன் முகத்தையே பார்க்காமல் இருந்திருக்கிறேன், கயல். மெக்ராத் திரையில் வந்தபோதெல்லாம் எனக்கு நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

இது அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் சனிக்கிழமை இரவு எங்களுக்கு ஞாயிறு காலை. எட்டு மணிக்கு அவள் கோயிலுக்குப் போனால் திரும்ப ஒன்றரை மணி நேரமாகும். நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா